நிலவறையில் ஒரு மதுக்கூடம்: யாரிடமிருந்து ஒளிகிறோம்?

தமிழ்நாட்டுக் கொத்தனார் ஒருவரிடம் 'பேஸ்மென்ட்' என்று சொல்லிப்பாருங்கள். அவர் கை தரைக்கு மேலேதான் காட்டும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே, மழைத் தண்ணீர் வாசலேறாதிருக்க மூன்றடியோ நான்கடியோ கல் வைத்து உயர்த்துகிறோமே, அதுதான் நம் ஊரில் பேஸ்மட்டம். ஆங்கிலத்தில் அதே சொல் தரைக்குக் கீழே தோண்டிய அறையைக் குறிக்கிறது. கொத்தனாருக்கு ஆங்கிலம் தெரியாததால் நேர்ந்த பிழை என்று இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் மேல்மண்ணிலுள்ள நீர் உறைந்து உப்பும். அந்த உறைமட்டத்துக்குக் கீழே அஸ்திவாரம் போடாவிட்டால் வீடு பிளந்துபோகும். எப்படியும் ஆழமாகத் தோண்டத்தான் வேண்டும் என்னும்போது அந்தப் பள்ளத்தை ஓர் அறையாக்கிக்கொண்டார்கள். வெள்ளத்துக்கு அஞ்சி மேலே ஏறியது நம் வீடு. பனிக்கு அஞ்சிக் கீழே இறங்கியது அவர்கள் வீடு. நிலவறை என்பது நம்முடைய வீட்டின் உறுப்பாக ஒருபோதும் இருந்ததில்லை. கோயிலிலும் அரண்மனையிலும் இருந்தது. அங்கும் அது பொக்கிஷத்தை ஒளித்துவைக்கும் இடம்.

இன்று இந்த உறுப்பு புதிதாக முளைக்கிறது, மதுவுக்காக. வீட்டு உள்ளலங்காரம் பற்றிய காணொளிகளும் வழவழப்பான பத்திரிகைகளும் 'வீட்டு பார்' என்பதை ரசனையின் உச்சமாக விற்கத் தொடங்கிச் சில காலம் ஆகிறது. நகரத்து அடுக்ககத்தில் தோண்ட வழியில்லை. ஆகவே மலைகள் அகப்பட்டன. சரிவில் கட்டும் வீட்டில் கீழ்ப்புறம் ஒரு பாதி புதைந்த தளம் தானாகவே அமைகிறது. அதை நான்கு சுவரும் அடைத்து 'செல்லார்' என்று பெயர் சூட்டிவிடலாம். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் நடந்தது இப்போது கொல்லிமலைக்கும் ஏறுகிறது. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான அரியூர் நாட்டில் வார இறுதி வீடு கட்டும் நண்பர் ஒருவரின் வரைபடம் அண்மையில் நம் கைக்கு வந்தது. நண்பர் நல்ல வாசகர். நம்மிடம் கருத்து கேட்டார். அவரிடம் தனியே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வரைபடத்தில் தெரிவது ஒருவரின் ஆசை மட்டுமன்று, ஒரு வர்க்கம் தன் குடியைப் பற்றி வைத்திருக்கும் மனப்பான்மையும்கூட. ஆகவே பொதுவில் பேசுகிறோம்.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். 22 அடி நீளம், 14 அடி அகலம். மூன்று பக்கமும் மண், நான்காவது பக்கம் சரிவை நோக்கியது. அங்கே சன்னல் வைக்க இடமிருந்தும் வைக்கவில்லை. 'எல்' வடிவில் 42 அங்குல உயர மேடை, அதற்கேற்ப 30 அங்குல உயர முக்காலிகள் ஆறு, மேடைக்குப் பின்னால் ஊற்றிக்கொடுப்பவர் நிற்க மூன்றடி. பின்சுவரில் கண்ணாடி பதித்த அலமாரி, 120 புட்டிகளுக்கு. சிறு குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, மங்கலான மஞ்சள் விளக்கு. படிக்கட்டின் தலைப்பில் ஒரு புத்தக அலமாரி. அதை இழுத்தால் கதவாகத் திறக்கும். அந்த அலமாரியில் சங்க இலக்கியப் பதிப்புகளை அடுக்குவதாக நண்பர் உத்தேசித்திருக்கிறார்.

கட்டுமானக் கணக்கிலேயே இது தேறாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று பக்கம் மண் அணைந்த சுவர் வெறும் சுவரன்று, தாங்குசுவர். மழைக்காலத்தில் சரிவில் இறங்கும் நீர் முழுவதும் அதன் முதுகில் வந்து நிற்கும். பின்னால் சரளை நிரப்பி, கசிவுத் துளைகள் விட்டு, நீரை வெளியே கொண்டுபோகாவிட்டால் எந்த நீர்க்காப்புப் பூச்சும் சில மழைகளுக்கு மேல் தாங்காது. ஆனால் அழகான பார் சுவரில் தண்ணீர் சொட்டும் துளையை யார் விடுவார்கள்? காற்றோட்டமில்லாத அறையில் பூஞ்சணம் பிடிக்கும். தோல் போர்த்திய முக்காலியில் முதலில் பிடிக்கும். கழுவுதொட்டியின் மட்டம் கழிவுநீர்க் குழாயின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் மோட்டார் வைத்து மேலேற்ற வேண்டும். எரியக்கூடிய திரவம் நிறைந்த, சன்னலற்ற, ஒரே வழியுள்ள, அந்த வழியும் புத்தக அலமாரியாக வேடமிட்ட அறையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

'குளிர்ச்சியாக இருக்கும், சரக்கு கெடாது' என்பது நண்பரின் வாதம். நிலவறைக்கு இந்தத் தகுதி திராட்சை மதுவால் வந்தது. திராட்சை மது புட்டிக்குள்ளும் மாறிக்கொண்டே இருப்பது. அதற்கு 12, 13 பாகை வெப்பமும் இருளும் அசையாமையும் உகந்தவை. பிராந்திக்கோ விஸ்கிக்கோ ரம்முக்கோ இது பொருந்தாது. மரப்பீப்பாயிலிருந்து புட்டிக்கு வந்தவுடன் அவற்றின் முதிர்ச்சி நின்றுவிடுகிறது. பத்தாண்டு நிலவறையில் கிடந்த பிராந்தி, பத்தாண்டு சமையலறைப் பரணில் கிடந்த அதே பிராந்திதான். மேலும், நம் ஊரில் விற்கும் 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது'வில் பெரும்பகுதி கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. கழிவுப்பாகுச் சாராயத்துக்குப் பிரெஞ்சுப் பிரபுவின் நிலவறை! வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆக, நிலவறை மதுவுக்காக அன்று. பின் எதற்காக?

இதற்கு விடை தேட அமெரிக்காவரை போய்வர வேண்டும், ஏனெனில் இந்த மாதிரி அங்கிருந்துதான் வருகிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடப்பிலிருந்தது. தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் தடைக்கு முன் வாங்கிச் சேமித்ததை வீட்டில் வைத்துக் குடிப்பது குற்றமன்று. வசதி படைத்தவர்கள் தடை வருமுன்பே வாங்கிக் கீழறைகளில் நிரப்பிக்கொண்டார்கள். வசதியற்றவர்களுக்கு இரகசியச் சாராயக்கடை இருந்தது, காவல்துறை இருந்தது, விஷச் சாராயமும் இருந்தது. தடை நீங்கிய பிறகும் ஒளிந்து குடிக்கும் அறையின் வடிவம் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுந்த புறநகர் வீடுகளில் கீழறை பார் குடும்பத் தலைவனின் தனி இராச்சியமாயிற்று. மறைகதவும் மங்கல் வெளிச்சமும் வெறும் அலங்காரமாக மிஞ்சின. நண்பரின் வரைபடத்தில் உள்ள புத்தக அலமாரிக் கதவு அந்தக் காவல்துறைச் சோதனையின் எச்சம். யாரும் சோதனைக்கு வராத வீட்டில் அதை எதற்கு வைக்கிறோம் என்று ஒருகணம் யோசிக்க வேண்டாமா?

'பார்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அதற்குத் தடுப்பு, குறுக்குக் கட்டை என்று பொருள். சத்திரத்தில் மது விற்றவன் தன் புட்டிகளையும் காசுப் பெட்டியையும் வாடிக்கையாளனின் கைக்கு எட்டாமல் வைக்கக் குறுக்கே போட்டுக்கொண்ட கட்டை அது. வணிகத்துக்கு நியாயமான ஏற்பாடு. அதைக் கொண்டுவந்து வீட்டுக்குள் போடும்போது, வீட்டுக்காரன் கடைக்காரனாகவும் விருந்தாளி வாடிக்கையாளனாகவும் ஆகிவிடுகிறார்கள். கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் நடுவே 42 அங்குலத் தடுப்பு. தன் மேடையின் பின்னே நின்று தன் சேகரத்தைக் காட்டி ஊற்றித் தருபவன் விருந்தோம்புகிறான் என்று நம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அவன் கண்காட்சி நடத்துகிறான்.

இந்த மலையிலேயே இதற்கு மாற்றான ஒரு காட்சி இருக்கிறது. நண்பர் கதவாக்கப்போகும் அதே அலமாரியில், புறநானூற்றின் 152ஆம் பாட்டில். வன்பரணர் பாடியது. காட்டில் ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய ஒரு வேட்டுவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. தோற்றத்தைப் பார்த்தால் சாதாரண வேட்டுவனாகத் தெரியவில்லை. விறலியரும் கூட இருக்கிறார்கள். முழவையும் யாழையும் எடுத்துப் பாடுகிறார்கள். ஓரியின் பெயரைச் சொன்னதும் எதிரில் நிற்பவன் நாணுகிறான். பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் உருக்கிய நெய்போன்ற மதுவையும் தன் மலையின் பொன்னையும் மணியையும் அந்தச் சுரத்திடையே கொடுக்கிறான். அவன்தான் கொல்லிக்குத் தலைவன் என்று பாட்டு முடிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. திறந்த காட்டில் மது வழங்கப்படுகிறது. பெறுபவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். உணவுடன் சேர்ந்தே வருகிறது. கொடுப்பவன் தன் பெயருக்கு நாணுகிறான், மதுவுக்கு நாணவில்லை. நம் வரைபடத்தில் எல்லாம் நேர்எதிர். பெயர் வாசலில் கிரானைட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மது மண்ணுக்கடியில் இருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையையும் (புறம் 235) இங்கே நினைத்துக்கொள்ளலாம். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் அருந்துவான் என்று ஒரு பெண்பாற்புலவர் ஊரறியச் சொல்லி அழுகிறார். குடியின் அறத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் நம் மொழியில் இல்லை. குறைவென்றால் பிறர்க்கு, நிறைவென்றால் எல்லாருக்கும். 120 புட்டி அலமாரிக்கு இந்த அறத்தில் இடமில்லை.

சங்ககாலத்தைக் காட்டிக் குடிக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று சிலர் கிளம்பக்கூடும். இல்லை. அதே பழமைக்கு மறுபக்கமும் உண்டு. கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கினார். இரு நிலைகளுக்கும் பொதுவான ஒன்று நேர்மை. பாணன் வெளிப்படையாகக் குடித்தான். வள்ளுவர் வெளிப்படையாக மறுத்தார். நாம்தான் நடுவே நின்று, மேல்தளத்தில் திருக்குறளையும் கீழ்த்தளத்தில் பிராந்தியையும் வைத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டு தள வாழ்க்கைக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. அதுவும் இதே மாவட்டத்தில் தொடங்குகிறது. இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டுக்கு அருகே இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நடத்தினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929இல் 'விமோசனம்' என்ற இதழை அங்கிருந்து வெளியிட்டார். அதில் துணைநின்று எழுதியவர் கல்கி. நவீனத் தமிழின் மிகப் பிரபலமான கதைசொல்லி ஒருவர் மதுவிலக்குப் பத்திரிகையில் கை பழகியவர் என்பது இலக்கிய வாசகர்கள் மறந்துவிடும் செய்தி. 1937இல் இராஜாஜி முதல்வரானதும் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். அன்று கொல்லிமலை சேலத்தைச் சேர்ந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கின் நியாயத்தோடு நாம் உடன்படலாம், படாமலிருக்கலாம். இழப்புக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு அதற்கு வழியும் தேடிய நேர்மை அதில் இருந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு, 1971இல் நீக்கம், 1974க்குள் மீண்டும் விலக்கு, 1981இல் மீண்டும் திறப்பு, 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் தடை, 1990இல் மலிவு விலையில் சாராயம் திரும்பியது, 1991இல் அதுவும் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2024-25இல் மதுவின் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும் மேலாக இன்று நடப்பிலிருக்கும் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937'. விலக்கின் பெயரால் விற்பனை. அலமாரியே கதவாகும் வீட்டுக்கு முன்மாதிரியை அரசே கட்டிவைத்திருக்கிறது.

இந்தச் சட்டம் யார்மேல் இறங்குகிறது என்பதுதான் அரியூர் நாட்டில் நின்று கேட்க வேண்டிய கேள்வி. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு 1996ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அனுமதிக்கப்படுவது சில லிட்டர்கள். நண்பரின் அலமாரி நிரம்பினால், புட்டிக்கு 750 மில்லி என்று வைத்தாலும் 90 லிட்டர். ஆக, வரைபடத்தில் இருப்பது ரசனையின் வடிவத்தில் ஒரு விதிமீறல். அதற்காக எந்தக் காவலரும் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து புத்தக அலமாரியை இழுத்துப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த அறைக்குப் பள்ளம் தோண்டிய கூலியாட்கள் இதே நாட்டைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இம்மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர் அது.) அவர்களில் ஒருவர் தன் தோட்டத்துப் பலாவையோ அன்னாசியையோ பானையில் புளிக்கவைத்தால் குற்றவாளி. டாஸ்மாக் வாசலில் நின்றே குடித்துவிட்டு வழியில் விழுந்தால் 'குடிகாரப் பயல்'. 'இந்த மலைக்காரனுங்களுக்குக் குடிதான் கேடு' என்று மாலையில் அவர்கள் தோண்டிய அறையிலேயே அமர்ந்து நாம் கவலைப்படுவோம். பன்னாட்டு வரைபடமும் மறைகதவும் வாங்க முடிந்தவனின் குடிக்குப் பெயர் ரசனை. முடியாதவனுடையதற்குப் பெயர் சமூகப் பிரச்சினை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே எல்லாக் கண்களும் பக்கத்துக் கல்வராயன் மலையை நோக்கின. கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் காய்ச்சுவதன்று. தொழிற்சாலைப் பொருள், சமவெளியிலிருந்து வருவது. இறந்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மலிவாகவும் மறைவாகவும் கிடைத்ததால் அதைக் குடித்தவர்கள். மறைவு ஏழைக்கு உயிரை எடுக்கும் விஷயமாகவும் பணக்காரனுக்கு அறை அலங்காரமாகவும் இருக்கிறது என்பதைக் கருணாபுரத்துக்குப் பிறகும் பார்க்க மறுப்பது நமக்கு எப்படிக் கூடுகிறது?

பிற மாநிலங்கள் வேறு வழியும் கண்டிருக்கின்றன. கோவாவின் முந்திரிப் பழ மதுவான பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. மத்தியப் பிரதேசம் பழங்குடியினரின் இலுப்பைப் பூ மதுவை மரபு மதுவாக அங்கீகரித்து அவர்கள் செய்து விற்க வழிசெய்தது. நமக்கோ மாநில மரம் பனை. அதன் கள் குற்றம். இதில் எது சரி என்பதைத் தனியே விவாதிக்கலாம். குறைந்தபட்சம், மலையில் விளைவதைத் தடுத்துக் கழிவுப்பாகுச் சாராயத்தை மலைமேல் ஏற்றும் முறைக்கு, வீட்டுக்கு வீடு நிலவறை தோண்டி நாமே கோயில் கட்ட வேண்டாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவை வலுவற்றவை அல்ல.

'வீட்டில் குடிப்பதே பாதுகாப்பு. குடித்துவிட்டு அந்த வளைவுகளில் வண்டி ஓட்டச் சொல்கிறீர்களா?' ஒருபோதும் இல்லை. குடிப்பவர் வீட்டில் குடிக்கட்டும். வீட்டில் கூடம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, சாப்பாட்டு மேசை இருக்கிறது. நாம் மறுப்பது வீட்டையன்று, பள்ளத்தை.

'டாஸ்மாக் பாரின் நாற்றத்தில், பிளாஸ்டிக் டம்ளரும் சுண்டலும் மிதிபடும் தரையில் எப்படி உட்காருவது? பெண்கள் எப்படி வருவார்கள்?' முழுக்க உண்மை. அந்த இடங்களை மனிதர் அமரத்தக்கதாக்கும் கோரிக்கையை எழுத்தாளர்களும் வாசகர்களும் எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை, ஏனெனில் எழுப்பக்கூடியவர்கள் எல்லாம் தத்தம் நிலவறைக்குப் போய்விட்டார்கள். வசதியுள்ளவன் அரசுப் பள்ளியைக் கைவிட்டதும் பள்ளி என்ன ஆயிற்றோ அதுவே இங்கும். மேலும் அந்த வரைபடத்தில் பெண்களுக்கு இடம் எங்கே? ஆறு முக்காலி, ஆறு ஆண்கள். மேலே சமையலறையில் வறுத்துக் கீழே அனுப்ப ஒரு சிறு தூக்குப் பெட்டியும் வரைந்திருக்கிறார்கள். ஓரியின் சுரத்திடை விருந்தில் விறலியருக்கு இருந்த இடம்கூட இதில் இல்லை.

'குழந்தைகள் பார்க்கக் கூடாதல்லவா?' இதுவே இருப்பதில் கனமான வாதம். ஆனால் குழந்தைகளுக்குத் தெரியாத நிலவறை உலகில் எங்கும் கட்டப்படவில்லை. எந்தப் புத்தகத்தை இழுத்தால் கதவு திறக்கும் என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தாம். அப்பா ஒரு டம்ளருடன் நிறுத்திக்கொள்வதைக் கூடத்தில் பார்க்கும் பிள்ளை அளவு என்ற ஒன்றைக் கற்கலாம், கற்காமலும் போகலாம். அப்பா கீழே போய் இரண்டு மணிநேரம் கழித்து வேறொருவராக ஏறிவருவதைப் பார்க்கும் பிள்ளை பயத்தையும் பொய்யையும் மட்டுமே கற்கும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமுண்டு, ஆனாலும் சொல்ல வேண்டும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நிலவறைக்கு மூடும் நேரமில்லை. கடையில் பையில் இருக்கும் காசு ஓர் எல்லை. பக்கத்தில் நிற்பவனின் பார்வை ஓர் எல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தூரம் ஓர் எல்லை. கூடத்தில் குடிப்பவனுக்கு மனைவியின் முகம் எல்லை. இவை எல்லாவற்றையும் ஒருசேர அகற்றிவிட்டுத்தான் நிலவறை 'சுதந்திரம்' தருகிறது. தமிழ் இலக்கிய உலகம் குடிக்குக் கொடுத்த பலிகள் கொஞ்சமல்ல. பெயர்களைச் சொல்ல வேண்டாம், வாசகர்கள் அறிவார்கள். அவர்களில் பலரை வீழ்த்தியது, குடியை ஒரு மேன்மையாகக் கொண்டாடிய நண்பர் கூட்டமும் அக்கூட்டம் கலைந்தபின் தனியறையில் மிஞ்சிய புட்டியும்தான். தனியறையைக் கருங்கல்லால் கட்டி நிரந்தரமாக்க ஒரு வரைபடமா?

மதுக்கடைகளை எதிர்த்துப் போராடி 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உயிர்விட்ட சசிபெருமாள் சேலம் மாவட்டத்துக்காரர். முழு மதுவிலக்கு என்ற அவருடைய கோரிக்கையை ஏற்காதவர்களும் ஒன்றை மறுக்க முடியாது: அவர் வெளிச்சத்தில் நின்றார். குடிப்பவர்களாகிய நம்மில் பலர் அதற்குச் சமமான வெளிச்சத்தில் நிற்கத் துணிந்ததில்லை. குடியைக் குறித்த பொதுப்பேச்சு முழுவதையும் குடிக்காதவர்களிடமும் வரி வசூலிப்பவர்களிடமும் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம்.

நண்பருக்கு நம் யோசனை இதுதான். சரிவின் கீழ்த்தளத்தில் மண் அணையாத பக்கத்தில் பெரிய சன்னல்களாக வையுங்கள். மிளகு காயவைக்கலாம், மூட்டை அடுக்கலாம், வரும் நண்பர்கள் படுக்கலாம். தாங்குசுவரில் கசிவுத் துளைகளை விடுங்கள். மலை தன் தண்ணீரை வெளியேற்றட்டும். புத்தக அலமாரி சுவரோடு நிற்கட்டும், எதற்கும் கதவாக வேண்டாம். மதுவுக்குக் கூடத்தில் பூட்டுள்ள ஒரு சிறு அலமாரி போதும். விதி அனுமதிக்கும் அளவு அதில் அடங்கும், அதற்கு மேல் வேண்டாம். மேடையும் முக்காலியும் தேவையில்லை. பலாமரப் பலகையில் நீளமாக ஒரு திண்ணை போடுங்கள். மனைவியும் உட்காரட்டும், குடிக்காதவரும் உட்காரட்டும். பள்ளம் தோண்ட வந்தவர் வேலை முடிந்து கூலி வாங்க வரும்போது அவரும் உட்காரட்டும். அவர் குடிப்பவரா, நீங்கள் அன்று குடிக்கிறீர்களா என்பதெல்லாம் பிறகு.

அந்தத் திண்ணையில், தெருவில் போகிறவர் பார்க்கும்படி, பக்கத்தில் அமர்ந்தவருக்கும் சமமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு உங்களால் குடிக்க முடிந்தால் குடியுங்கள். அப்படிக் குடிக்க நாணமாக இருந்தால் அந்த நாணத்துக்குக் காது கொடுத்து விட்டுவிடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நாம் மதிப்போம். நாணத்தைப் புதைத்துவைக்க மலையைத் தோண்டுவதை மட்டும் மதிக்க இயலாது.